வேலி என்று எழுதிய கை

லிமார் துறை
2012 சனவரி 8

லிமார் துறை மக்களே! கரும்பு வெட்டிக் காய்த்த கைகளே! வலை இழுத்து வளைந்த தோள்களே! கணவன் வருவான் என்று கடலைப் பார்த்தே கண் பூத்த தாய்மாரே!

நமக்கு ஒரு குறை உண்டு. அதை இன்று உரக்கச் சொல்கிறேன். படைத்தலைவர்கள் இந்தப் பனாமாவை ஆண்ட நாளில், நிலம் கேட்டவனையும் கூலி கேட்டவனையும் விலங்கிட்டுச் சான் பிராந்தான் தீவுக்குப் படகேற்றினார்கள். போனவர் பலர்; திரும்பியவர் சிலர். திரும்பாதவர் எங்கே என்று கேட்டால், அன்று துப்பாக்கி விடை சொன்னது. இன்று கோப்பு விடை சொல்கிறது. சிறையை மூடி எட்டாண்டு ஆயிற்று. தீவு இப்போது காட்டுயிர்ப் பூங்கா. அங்கே பஞ்சவண்ணக்கிளி எத்தனை, ஊளைக்குரங்கு எத்தனை, கரையேறிய ஆமை எத்தனை என்று எண்ணி எழுதி வைத்திருக்கிறார்கள். மண்ணுக்குள் கிடக்கும் மனிதர் எத்தனை என்ற ஏடு மட்டும் இல்லையாம்! கிளியை எண்ணத் தெரிந்த அரசுக்கு நம் தந்தையரை எண்ணத் தெரியாதா?

எண்ண வைப்போம். கையெழுத்தோ கைந்நாட்டோ, வரும் ஞாயிறு சங்கக் கூடத்துக்கு வந்து இடுங்கள்.

எலியேசர் மகள் தில்சியா,
கரும்புத் தொழிலாளர் சங்கம்

தம்பி அப்தியேல், மேலே உள்ளது ஊரெங்கும் நாங்கள் ஒட்டிய மடலின் படி. கீழே உள்ளது உனக்கு மட்டும்.

நலமா? தீவில் குடிநீர் கெட்டுவிட்டதாகப் படகோட்டி செனோன் சொன்னார், காய்ச்சிக் குடி. அம்மாவுக்கு மூச்சிரைப்பு கூடிவிட்டது. எழுபத்தெட்டு வயதில் மருத்துவர் சொல்வதற்கு ஒன்றுமில்லை; அவரும் ஒன்றும் சொல்லவில்லை. இறந்தவருக்குச் செய்யும் ஒன்பது நாள் வேண்டுதலை அப்பாவுக்கு எட்டாம் நாளோடு நிறுத்தியவள் அவள். உடல் வந்த பிறகே ஒன்பதாம் நாள் என்றாள். நாற்பது ஆண்டாக அந்த ஒரு நாள் நிற்கிறது. நேற்றுச் சொன்னாள்: "என் மூச்சு நிக்கறதுக்குள்ள அந்த ஆளக் கொண்டாந்து எனக்கு வாங்கி வெச்ச குழிக்குப் பக்கத்துல படுக்க வைங்க. வேற ஒண்ணும் கேக்கல."

அப்பாவைக் கொண்டுபோனபோது உனக்கு ஆறு வயது, எனக்குப் பதினொன்று. "அப்பாவத் தேடத்தான் போறேன்" என்று சொல்லித்தானே நீ அத்தீவில் பூங்காக் காவலன் வேலையை ஏற்றாய்? எட்டாண்டு அந்த மண்ணில் நடந்திருக்கிறாய். கைதிகளைப் புதைத்த இடம் எது? அடுத்த படகிலேயே எழுது.

உன் அக்கா,
தில்சியா

*

சான் பிராந்தான் தீவு
2012 பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி அப்தியேல் வணக்கம். இங்கே நலம். நீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறேன்.

உன் மடலைச் செனோன் படகிலேயே பிரித்து உரக்கப் படித்துவிட்டார். "உங்கக்கா எழுதுனா தாளே சுடுது தம்பி. மீன்பெட்டி பக்கத்துல வெச்சிருந்தேன், பாதி ஐஸ் போச்சு" என்றார்.

கோடை தொடங்கிவிட்டது. கிளிகள் இரண்டு புதிய பொந்து பிடித்திருக்கின்றன. விடியலில் ஊளைக்குரங்குகள் கத்தும்போது இங்கு வரும் பழைய கைதிகள் எல்லாரும் ஒரே வேடிக்கையைச் சொல்வார்கள்: சிறைக்காலத்தில் காவலர் பெயர் கூப்பிட, கைதிக்கு முன் குரங்கு "இருக்கேன்" என்னுமாம். சிறை விட்டுப்போன மாடுகள் காட்டு மாடாகி இருநூறு திரிகின்றன. ஆனால் அவை கரைக்கு வந்து ஆமை முட்டைகளை மிதிப்பது நின்றுவிட்டது. சென்ற பருவத்தில் நானூற்றுப் பன்னிரண்டு ஆமைக் குழிகள். மேலிடத்தில் பாராட்டினார்கள்.

நீ கேட்ட இடம் பற்றி. சிறைக் கட்டடங்களையே காடு விழுங்கிவிட்டது. சுவரைத் தேடினால் வேர்தான் அகப்படுகிறது. கேட்டுப் பார்க்கிறேன்.

அம்மாவுக்கு இலை ஒன்று அனுப்பியிருக்கிறேன். கொதிக்க வைத்து ஆவி பிடிக்கச் சொல்.

தம்பி,
அப்தியேல்

*

லிமார் துறை
2012 பிப்ரவரி 20

தம்பிக்கு அக்காவின் வாழ்த்து. அம்மா ஆவி பிடிக்கிறாள், கோழிச்சாறு குடிக்கிறாள், அண்டை வீட்டாரோடு சண்டையும் போடுகிறாள். ஆகவே நலம் என்றே கொள்.

"கேட்டுப் பார்க்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். யாரைக் கேட்பாய்? குரங்கையா?

நாங்கள் கேட்டுவிட்டோம். சென்ற செவ்வாய், இருநூற்றுப் பதினாறு கையெழுத்தோடு பூங்கா அலுவலகம் போனோம். மூன்று மணிநேரம் வெயிலில் நிறுத்தினார்கள். அலுவலர் இளையவர்; சட்டைப்பையின்மேல் கிளிப்படம் தைத்திருந்தது.

"உங்க வருத்தம் புரியுதும்மா. ஆனா ஒண்ணு யோசிங்க. அங்க சிறை இருந்ததாலதான் எவனும் போய் மரம் வெட்டல. சொல்லப்போனா சிறைதான் அந்தக் காட்டக் காப்பாத்திச்சு" என்றார்.

"அப்போ எங்கப்பாவ உரமாப் போட்டதுக்கு நன்றி சொல்லிட்டுப் போகவா?" என்றேன்.

பின்னால் நின்ற மீன்காரி எனேயிதா, "சொல்லிட்டு வா தில்சியா, ரசீதும் கேட்டு வாங்கிக்க" என்றாள். எல்லாரும் சிரித்தோம். சிரித்தவர்களில் இருவர் அழுகையில் முடித்தார்கள்.

அலுவலர் தாள்களைத் தட்டி அடுக்கினார். "தோண்ட அனுமதி கிடையாதும்மா. ஆமை முட்டை போடற கரை அது. அதோட, கரைக்குப் பின்னால மாட்டுத் திடல்னு ஒண்ணு இருக்கு. சூலை பதினாறு அங்க பார்வையாளர் கூடத்துக்கு அடித்தளம் போடறோம். சிறை வரலாறெல்லாம் படமா மாட்டி வைப்போம். உங்கப்பா படம் இருந்தாக் கொண்டாங்க, அதையும் மாட்டிரலாம்."

தம்பி, எலும்பைக் கேட்டவளுக்குச் சட்டம் போட்ட படம்! நான் மேடையில் முப்பது ஆண்டு பேசியவள். அன்று படியிறங்கி வெயிலுக்கே திரும்பினேன்.

அடித்தளக் கலவை விழுந்துவிட்டால் அதன்பின் எதுவும் எழாது. அந்த மாட்டுத் திடலில் என்ன இருந்தது? எழுது.

அக்கா,
தில்சியா

*

சான் பிராந்தான் தீவு
2012 மார்ச்சு 25

அன்புள்ள அக்காவுக்கு. நலம். மறுமொழி நாள் கடந்ததற்குப் பொறுத்துக்கொள். படகுப் பொறி பழுதாகி இருபது நாள் கிடந்தது. அதற்குள் எங்கள் நாயை முதலை இழுத்துக்கொண்டது. என் உடன் காவலன் கலிசுதோ மூன்று நாள் சோறு உண்ணவில்லை. அவன் வளர்த்த நாய்.

நான் சொல்வதைச் சினமின்றிக் கேள். தோண்டத் தொடங்கினால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் குப்பை வரும், விளக்கு வரும், நெருப்பு வரும். விளக்கைக் கண்ட ஆமை கரையேறாது. எட்டாண்டு பாடுபட்டு இந்தக் கரையை மீட்டிருக்கிறோம். அப்பா எங்கே கிடந்தாலும் இந்தத் தீவில்தானே கிடக்கிறார்? மேலே மரம், மரத்தில் கிளி. சுற்றிலும் கடல். நகரத்து இடுகாட்டில் இதெல்லாம் உண்டா? அது போதாதா?

அம்மாவுக்கு என் முத்தம்.

தம்பி,
அப்தியேல்

*

லிமார் துறை
2012 ஏப்ரல் 3

போதாது!

போதாது தம்பி. நலம் கேட்டுத்தான் மடலைத் தொடங்க வேண்டும். இன்று என்னால் ஆகவில்லை. கிளிப்படம் தைத்தவன் பேசியதையே என் உடன்பிறந்தவன் கையெழுத்தில் படித்த பிறகு எந்த நலத்தைக் கேட்பேன்? அப்பா அந்தத் தீவை விரும்பிப் போகவில்லை. வீட்டு வாசலில் அடித்து இழுத்துப் போனார்கள். அவரைக் காட்டின் அழகுக்குள் மறைக்காதே.

நீ சொல்லாவிட்டாலும் எனக்குச் சொல்ல ஓர் ஆள் வந்துவிட்டார். பெயர் தொரிபியோ. எண்பது வயது. மாடு திருடியதற்காக அங்கே பதினான்கு ஆண்டு கிடந்தவர், சிறையின் குழிவெட்டி. நம் சுவரொட்டியைச் சந்தையில் யாரோ படித்துக்காட்ட, மலையூரிலிருந்து பேருந்து ஏறி வந்தார். அம்மா எதிரிலேயே பேசினார்.

"நான் வெட்டுன குழி நாப்பத்து மூணு தாயி. சிலுவை நடக்கூடாதுன்னு சார்ஜென்ட் உத்தரவு. பேரு எழுதுனா எனக்கும் ஒரு குழின்னுட்டான். நான் என்ன பண்ணேன், பச்சக் கிளுவைக் கொம்பா ஒடிச்சுத் தலமாட்டுல ஒண்ணொண்ணா ஊணிட்டேன். என்னடா இதுன்னான். மாடு கட்டற முளைங்கய்யான்னேன். நம்ம பக்கம் கிளுவைய ஊணுனா அது சும்மா கெடக்குமா? ரெண்டு மழைக்குத் துளிர்த்துருச்சு. நான் விடுதலையாகறப்ப ஆள் ஒசரம். தோலுரிஞ்சு செவசெவன்னு, வெயில்ல வெந்த சுற்றுலாக்காரன் கணக்கா வரிசையா நின்னுச்சு."

"என் வீட்டுக்காரர் எதுல?" என்று அம்மா கேட்டாள்.

"கடல் பக்கமிருந்து ஏழாவது. ஒசந்த மனுசன். குழி நீளம் பத்தல. மன்னிச்சிருங்கம்மா, முழங்கால மடிச்சுத்தான் வெச்சேன்."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு தூங்கறதே அப்படித்தான்" என்றாள்.

அப்தியேல், நாற்பத்து மூன்று மரம்! கரையிலிருந்து ஒரே வரிசை. கண்ணுக்குத் தப்பாது. "அந்த மரங்கள அப்புறம் பாத்தீங்களா ஐயா?" என்று கேட்டேன். "கோயில்காரங்களோட ஒருதரம் போனேன்" என்றவர் தொப்பியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு, சுவரில் மாட்டிய உன் படத்தைப் பார்த்து, "மீதிய உன் தம்பிகிட்டக் கேளு தாயி" என்று எழுந்துவிட்டார். எனக்கு விளங்கவில்லை.

கேட்கிறேன். மரங்களை ஒரு படம் எடுத்து அனுப்பு. அதை வைத்து அலுவலகத்தின் வாயை அடைக்கிறேன்.

அக்கா,
தில்சியா

*

லிமார் துறை
2012 ஏப்ரல் 30

தம்பி, நலமா? செனோன் நான்கு முறை வந்துவிட்டார். நான்கு முறையும் வெறுங்கை. "குடுத்தாத் தரமாட்டனாக்கா? உன் தம்பி படகக் கண்டாலே காட்டுக்குள்ள போயிர்றான்" என்கிறார்.

அம்மா பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்தாள். இப்போது வீட்டில் இருக்கிறாள். "ஏழாவது மரம் எவ்ளோ பெருசுன்னு எழுதுனானா?" என்று நாள்தோறும் கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?

தில்சியா

*

சான் பிராந்தான் தீவு
2012 மே 9

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் அப்தியேல் கால் தொட்டு எழுதுவது. நீ மருத்துவமனையில் இருந்ததை அக்கா எழுதித்தான் அறிந்தேன். இப்போது மூச்சு எப்படி? மருந்தைத் தவறாமல் குடி. அக்காவோடு சண்டை போடாதே.

இங்கே மழை தொடங்கிவிட்டது. உலர்மீன் பன்னிரண்டு அனுப்பியிருக்கிறேன். உப்புக் குறைவாகவே போட்டேன். கிளிக்குஞ்சுகள் பறக்கப் பழகுகின்றன. விழுந்து விழுந்து எழுகின்றன. நீ பார்த்தால் சிரிப்பாய்.

வர வேண்டும் என்றுதான் இருக்கிறேன். விடுப்புக் கிடைக்கவில்லை.

உன் மகன்,
அப்தியேல்

*

லிமார் துறை
2012 மே 28

அப்தியேலுக்கு.

உன் மடலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்து, "மரத்தப் பத்தி ஒண்ணும் இல்லையா? பின்பக்கம் பாரு" என்றாள். பின்பக்கம் திருப்பிக் காட்டினேன்.

பூங்கா அலுவலகத்தின் எழுத்து விடை இன்று கிடைத்தது. ஒரு வரியை அப்படியே எழுதுகிறேன்: "மாட்டுத் திடலில் இடுகாடு எதுவும் இருந்ததில்லை, அங்கிருந்தது சிறையின் பழைய மாட்டு வேலி, 2006ஆம் ஆண்டு அது முறைப்படி அகற்றப்பட்டது, கிளுவை மரம் நாற்பத்து மூன்று, அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது."

அறிக்கையின் அடியில் உள்ள கையெழுத்தை எனக்கு அடையாளம் தெரியும். அந்தக் கையைப் பிடித்து அகரம் எழுத வைத்தவள் நான்.

ஒரே வினா. அது வேலியா?

தில்சியா

*

சான் பிராந்தான் தீவு
2012 சூன் 10

அக்கா,

வேலி இல்லை.

ஆறு ஆண்டாக இந்த இரண்டு சொல்லைத் தொண்டையில் வைத்திருக்கிறேன். முழுவதும் எழுதிவிடுகிறேன், இடையில் நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன்.

2006இல் மாடுகள் கரைக்கு இறங்கி ஆமை முட்டைகளை மிதித்துக் கூழாக்கின. சிறை விட்டுப்போன வேலிகளை எல்லாம் அகற்றி, அந்த மரங்களின் கொம்புகளையே ஊன்றிக் கரைக்குப் புதுவேலி போடு என்று உத்தரவு வந்தது. கிளுவைக்கு அதைவிடச் சிக்கனமான வழி இல்லையே. திடலின் ஓரத்தில் நேர்வரிசையாய் நாற்பத்து மூன்று மரம். நம் பக்கத்தில் கிளுவை வரிசையைக் கண்டவன் வேலி என்றுதான் சொல்வான், வேறொன்றை நினைப்பானா? நானும் கலிசுதோவும் ஐந்து நாளில் அறுத்துத் தள்ளினோம். அடிக்கட்டைகளைத் தீயிட்டோம். கொம்புகள் முந்நூற்றுச் சொச்சம் தேறின. அவைதாம் இன்று ஆமைக்கரையின் வேலி. எல்லாம் துளிர்த்துவிட்டன. எனக்குப் பாராட்டு மடல் வந்தது.

இதுவரை சொன்னதைப் பிழை என்று நீ விட்டுவிடலாம். மீதியை விட முடியாது.

பழைய வேலி மரம் முள்கம்பியை விழுங்கியிருக்கும். அறுத்தால் வாள் மாட்டும்; பல் தெறிக்கும். இதற்கென்றே நான்கு வாள் கொண்டுபோனோம். ஒன்றுகூட உடையவில்லை. மூன்றாம் நாள் கலிசுதோ, "அண்ணே, ஒரு மரத்துலகூடக் கம்பி இல்லண்ணே! யாரு போட்ட வேலி இது? தாண்டாதீங்கன்னு மாட்டுக்கு வாயால சொல்லி வெச்சிருந்தானுங்களா?" என்றான். நான் சிரித்தேன். கம்பியில்லா வேலி எதற்கு, இரண்டு எட்டு நடைக்கு ஒரு முளை எதற்கு என்று எனக்குத் தோன்றியது அக்கா. ஒரு நொடி வாளை நிறுத்தினேன். மழை வருமுன் முடிக்க வேண்டியிருந்தது. அறுத்தேன். மாலையில் அறிக்கையில் "வேலி" என்று எழுதினேன்.

2008இல் கோயில்காரர்களோடு ஒரு கிழவர் வந்தார். திடலில் அங்குமிங்கும் நடந்தார். கரைக்கு வந்து புதுவேலியின் முளை ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். "இதெல்லாம் பிள்ளைங்க. தாய்மரங்க எங்க?" என்றார்.

"எந்த மரம் பெரியவரே?"

"நாப்பத்து மூணு பேரு தலமாட்டுல நான் ஊணுன மரம்."

"எனக்குத் தெரியாதே. நான் வந்தப்பவே வெறுந்திடல்தான்" என்றேன். பொய் தடையின்றி வந்தது; அதுதான் இன்றும் என்னை அச்சுறுத்துகிறது.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூக்கு எலியேசர் மூக்கா இருக்கு" என்றார். "யாரோன்னு நெனச்சிட்டீங்க" என்றேன். சட்டையில் என் பெயரும் அப்பாவின் பெயரும் தைத்திருந்தன. அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது மட்டுமே என் நற்பேறு.

அப்பாவைத் தேடத்தான் வந்தேன். தேடி வந்தவனே அடையாளத்தை அறுத்துவிட்டேன். இதை அம்மாவிடம் எந்த வாயால் சொல்வேன்? ஆமைகளைக் காட்டி, கிளிகளைக் காட்டி, எனக்கே நான் வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தேன்.

சொன்னால் வேலை போகும். ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டாண்டு. அதுவும் ஒரு காரணம், மறைக்கவில்லை.

அப்தியேல்

*

லிமார் துறை
2012 சூன் 17

அப்தியேல்,

உன் மடலைக் கிழித்தேன். பிறகு பொறுக்கி ஒட்டினேன். சங்கத்தில் சிலர் விலை போனதைப் பார்த்திருக்கிறேன். சிலர் அஞ்சி ஓடியதையும் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் நான் தடுமாறியதில்லை, மேடையேறிப் பெயர் சொல்லித் தூற்றியிருக்கிறேன். உன்னை எந்த மேடையில் ஏறித் தூற்றுவேன்? உன் பெயரைச் சொன்னால் அடுத்த மூச்சில் அப்பாவின் பெயர் வருகிறது.

நீ அறுத்ததை மன்னிக்கலாம். அந்தக் கிழவரைப் பொய்யராக்கி அனுப்பினாயே, அதை மன்னிக்க எனக்கு ஆகாது.

அம்மாவிடம் மறைக்க நினைத்தேன். முடியவில்லை. ஒட்டிய தாளைப் பார்த்தவள், "படி" என்றாள். படித்தேன். உனக்காக அழுவாள் என்று எண்ணினேன். அல்லது உன்னைத் திட்டுவாள் என்று. இரண்டுமில்லை.

"அஞ்சு நாள் நின்னு அறுத்திருக்கான். எங்க அறுத்தான்னு தெரியும்ல அவனுக்கு?" என்றாள்.

"தெரியும்மா."

"அப்புறம் என்னடி? மரம் போச்சுன்னா போகட்டும். மரத்தையா கேட்டேன்? போய்க் காட்டச் சொல்லு. வெக்கத்த அப்புறமா, நான் செத்த பிறகு, ஆற அமர உக்காந்து பட்டுக்கட்டும்."

அதன்பிறகுதான் எனக்கும் கண் திறந்தது. அலுவலகம் தந்த இணைப்பை மறுபடி எடுத்தேன். பூங்காவின் நடைமுறைப்படி, அறுத்த ஒவ்வொரு மரத்தையும் கரைப்பாறையிலிருந்து நாடா பிடித்து அளந்து நீ படம் வரைந்திருக்கிறாய். நாற்பத்து மூன்று புள்ளி. ஒவ்வொன்றுக்கும் தொலைவு, எண். இடுகாடே இல்லை என்று மெய்ப்பிக்க அவர்கள் அனுப்பிய தாள்தான் இந்நாட்டில் அந்த இடுகாட்டுக்கு உள்ள ஒரே வரைபடம்!

ஆனால் வரைந்த கை வாய் திறக்காதவரை அது வேலிப்படம்தான். வழக்குமன்றத்தில் கேட்டேன்: கூடத்தின் கட்டுமானத்தை நிறுத்த, அறுத்தவனின் வாக்குமூலம் வேண்டும். நான் கத்தி என்ன செய்ய? நான் மகள், நீ சான்று. இனி என்னால் ஒன்றும் எழுத முடியாது. எழுத வேண்டியவன் நீ.

அம்மா மூச்சு நேற்றைவிட இன்று குறைவு.

தில்சியா

*

சான் பிராந்தான் தீவு
2012 சூன் 24

லிமார் துறை மக்களே! என் அக்கா சங்கத்தின் பெயரால் எழுதியபோது உங்களுக்குப் பழகிய குரல் அது. இது அப்தியேலின் குரல். இதுவரை ஊரில் யாரும் கேட்டிராதது. எலியேசரின் மகன், பூங்காக் காவலன். நலம் கேட்டுத் தொடங்கும் தகுதி எனக்கில்லை, நேராகச் சொல்கிறேன்.

உங்கள் ஆண்களின் தலைமாட்டில் நின்ற நாற்பத்து மூன்று மரங்களையும் அறுத்தவன் நான். அறியாமல் அறுத்தேன், கம்பியில்லை என்று கண்டபின் அறிய மறுத்து அறுத்தேன். அவை நின்ற இடத்தை "வேலி" என்று எழுதியதும் இந்தக் கைதான். மெய்யைச் சொன்ன பெரியவர் தொரிபியோவிடம் முகம் பார்த்துப் பொய் சொன்னவனும் நான். அவர் சொன்னதே மெய். நேற்று முன்தினம் மாவட்ட வழக்குமன்றத்தில் என் வாக்குமூலத்தைப் பதிவு செய்தேன், வரைபடத்தையும் ஒப்படைத்தேன். இன்று காலை கம்பியில்லாக் கருவியில் பூங்கா அலுவலர் பேசினார்: "எதுக்குய்யா உனக்கு இந்த வேலை? ரெண்டு வருசம் பல்லக் கடிச்சிருந்தா முடிஞ்சிருக்கும்ல!" முடிந்திருக்கும். கூடமும் முடிந்திருக்கும்.

ஆமைக்குக் கேடு என்பார்கள், நம்பாதீர்கள். ஆமை ஏறும் கரைக்கும் திடலுக்கும் நடுவே வேலி இருக்கிறது. அதைப் போட்டவனே சொல்கிறேன். வழக்குமன்றம் தடை தர மூன்று கிழமை ஆகுமாம். கட்டுமானக்காரர்கள் மூன்று கிழமை காத்திருக்கவில்லை. சூலை பதினாறு என்றவர்கள் என் வாக்குமூலத்தைக் கேட்டதும் அந்த நாளை மாற்றிவிட்டார்கள். மண் வாரும் பொறி வரும் சனிக்கிழமை, சூன் முப்பது, நண்பகல் கடலேற்றத்தில் தெப்பத்தில் வருகிறது.

ஆகவே கேட்கிறேன். கடப்பாறை வேண்டாம், மண்ணைத் தொட வேண்டாம், அதைத் தொட அறிந்தவர்கள் பின்னர் வருவார்கள். கால்கள் போதும். இந்தக் கிழமை முழுவதும் நாடா பிடித்து அளந்து, நாற்பத்து மூன்று இடத்திலும் கல் வைத்து, சுண்ணாம்பால் எண் போட்டிருக்கிறேன். எது எவருடையது என்று பெரியவர் தொரிபியோவுக்கு நினைவிருக்கும். செனோன் அவரை முதல் படகில் அழைத்து வருகிறார். நினைவில்லாத இடத்திலும் நில்லுங்கள். உங்கள் அப்பா இல்லையென்றால் யாரோ ஒருவரின் அப்பா. நாற்பத்து மூன்று கல்லிலும் ஆள் நின்றால் பொறிக்கு இறங்க இடமில்லை.

ஏழாம் கல்லருகே நிழல் கட்டி ஒரு நாற்காலி போட்டுவிட்டேன். என் அம்மா எர்மெலிண்டா மருத்துவர் தடுத்தும் வருகிறாள். மற்ற நாற்பத்திரண்டு கல்லும் வெறுமனே கிடக்கின்றன.

சனிக்கிழமை விடியல் ஐந்து மணிக்குப் படகுகள் புறப்படும். எண்ணிக் கொண்டிராதீர்கள், யாரையும் கேட்டுக் கொண்டிராதீர்கள். வந்து நில்லுங்கள்!